எம்எக்ஸ்-5 சாஃப்ட் டாப்: கூரை காய்ந்திருக்கிறது, கார்பெட்டில் மட்டும் தண்ணீர், எப்படி?

ரெடிங்வாசி:

போன கோடையில் 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கினேன். இரண்டாம் தலைமுறை, எல்லோரும் என்பி என்று சொல்வார்களே, அது. மடிக்கும் கருப்பு வினைல் கூரை, பின்னால் கண்ணாடி ஜன்னல். வீட்டில் கராஜ் கிடையாது, சரிவான தெருவில் மூக்கு கீழே பார்த்தபடி நிற்கிறது, தலைக்கு மேலே ஒரு பெரிய மரம். மழைக்காலம் தொடங்கும்வரை ஒரு குறையும் இல்லை. இப்போது ஏறி உட்கார்ந்தாலே பூசண வாடை. காலையில் எல்லாக் கண்ணாடியும் உள்பக்கம் வியர்த்து நிற்கிறது, உறைபனி விழுந்தால் வெளியே சுரண்டியது போதாதென்று உள்ளேயும் சுரண்ட வேண்டும். இடதுபக்க சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் மேலே வருகிறது. சீட்டுக்குப் பின்னாலும் ஈரம்.

புரியாத விஷயம், கூரையின் உள்பக்கம் தொட்டால் காய்ந்து கிடக்கிறது. மேலிருந்து ஒரு சொட்டு விழுந்துகூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், புதுக் கூரை போட்டால்தான் தீரும் என்று சொல்லி ஒரு விலையும் சொன்னார், வண்டி வாங்கிய விலையில் பாதி. கிழிசல் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரையை மாற்றத்தான் வேண்டுமா? இல்லை, ஸ்ப்ரே ஏதாவது அடித்துச் சமாளிக்கலாமா?

குடைவண்டி:

அவசரப்பட்டு கூரை மாற்றாதீர்கள். நல்ல வாட்டர்ப்ரூஃப் ஸ்ப்ரே வாங்கி, கூரையைக் கழுவிக் காயவைத்து இரண்டு கோட் அடியுங்கள். என் வண்டியில் வருஷா வருஷம் அதைத்தான் செய்கிறேன், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்.

பழைய இரும்பு:

குடைவண்டி, உங்களுடையது துணிக்கூரையாக இருக்கும், அதற்கு அது சரி. இவருடையது வினைல். வினைல் தண்ணீர் குடிக்காது, துணிக்கான ஸ்ப்ரே அதில் ஊறவும் செய்யாது. அதோடு துணிக்கூரை என்றாலும் நடுவில் ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது, மேலே கேன்வாஸ், உள்ளே பருத்தி. தண்ணீரை நிறுத்துவது அந்த ரப்பர்தான். ஸ்ப்ரே செய்வது மேல்துணி ஊறிப் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவே. ஒழுகலுக்கு அது மருந்து இல்லை.

ரெடிங்வாசி தம்பி, உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது. கூரை காய்ந்திருக்கிறது, தரை நனைந்திருக்கிறது, மேலே மரம். முதலில் பார்க்க வேண்டியது வடிகால். இந்த வண்டியில் கூரை மேல் விழும் மழை பின்ஜன்னலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் இறங்கும், அதை ரெயின் ரெயில் என்பார்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் ஒவ்வொரு துளை, அதன் வழியே குழாயில் இறங்கிப் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டிக்கு அடியில் கொட்டிவிடும். இலை, மரத்திலிருந்து விழும் பூந்தூள், பாசி எல்லாம் அந்தத் துளையில் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் உள்பக்கம் வழிந்து சீட்டுக்குப் பின்னால் இறங்கும். நீங்கள் மூக்கு கீழே பார்க்க நிறுத்துகிறீர்கள், அப்படியானால் பின்னால் இறங்கிய தண்ணீர் கார்பெட்டுக்கு அடியிலேயே ஓடி முன்னால் கால் வைக்கும் இடத்தில் போய்த் தேங்கும். ஈரம் தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் நுழையும் இடம் வேறு. இந்த வண்டிகளில் ஆட்களை அலைக்கழிப்பது இதுதான்.

சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கூரையைப் பாதி மடித்து, பக்கத்துக்கு ஒன்றாக அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள், ஊற்றியவுடன் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை, அல்லது நேரம் கழித்துக் கொஞ்சமாக வருகிறது என்றால் அடைப்புதான். புல்வெட்டும் மெஷினில் போடும் தடித்த நைலான் நரம்பு ஒன்றை விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள், வெந்நீர் ஊற்றி மறுபடி ஆட்டுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் நேராக ஸில்லுக்குள்தான் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டி) போகும், அப்புறம் துருவுக்கு நீங்களே பாதை போட்ட மாதிரி.

வடிகால் சரியாக இருந்தும் ஈரம் வந்தால் அடுத்தது கதவு. கதவுக் கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது எல்லா வண்டியிலும் நடப்பதுதான், கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். ஆனால் கதவுப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இருபது வருஷத்தில் அதன் பசை காய்ந்து ஒரு மூலை பிரிந்திருந்தால் தண்ணீர் தாளின் மேல் ஓடி வண்டிக்குள் ஸில் மேலே வந்து விழும். கதவுப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். பழைய பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டினால் போதும். சிலிக்கான் சீலன்ட் பூசாதீர்கள், அடுத்த முறை ஜன்னல் மோட்டாரைப் பார்க்கத் திறப்பவர் உங்களைச் சபிப்பார்.

கூரை மாற்றச் சொன்னவர் இதில் ஒன்றையாவது பார்த்தாரா என்று கேளுங்கள். பார்த்திருக்க மாட்டார். புதுக் கூரை போட்டாலும் அடைந்த துளை அடைந்தபடியேதான் இருக்கும்.

ரெடிங்வாசி:

அண்ணே, மிக்க நன்றி. வலதுபக்கம் ஊற்றியவுடன் கீழே சொட்டியது. இடதுபக்கம் தண்ணீர் அப்படியே நின்றது. நரம்பை விட்டு ஆட்டினால் கருப்புக் கூழாக, மக்கிய இலையோடு என்னவெல்லாமோ வந்தது, நாற்றம் தாங்கவில்லை. இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு பெய்த மழையில் சீட்டுக்குப் பின்னால் காய்ந்திருந்தும் கதவோரம் மட்டும் புதிதாக ஈரம். கதவுத் தாளா, இல்லை கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பரா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பழைய இரும்பு:

ஸில் மேல் நீளமாக டிஷ்யூ பேப்பரைப் பரப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் குழாயை மெதுவாகத் திறந்து கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் மட்டும் விடட்டும், கூரைப் பக்கம் போக வேண்டாம். பேப்பர் நனைந்தால் தாள். நனையவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள், முன்கண்ணாடித் தூணும் கூரையும் சேரும் மூலைவரை. எடுத்தவுடன் மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் தெரியாது. பிரஷர் வாஷர் பக்கமே போகாதீர்கள், நல்ல ரப்பரையும் தாண்டி அது உள்ளே அடிக்கும்.

மூலையில் ஒழுகினால் பெரும்பாலும் உங்கள் முழங்கால் மேலோ கதவுக் கைப்பிடி மேலோதான் சொட்டும். அங்கே ஒரு காகிதத் துண்டை வைத்துக் கூரையையும் கதவையும் மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் அழுந்தவில்லை. ரப்பர் கிழியாமல் வெறுமனே படிந்து போயிருந்தால் சோப்பு நீரில் துடைத்துக் காயவைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், ஓரளவு மீளும். வாஸலின், எண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

லெஸ்டர் அக்கா:

ஓட்டையை அடைப்பது பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், காயவைப்பது பற்றி ஒருவரும் பேசவில்லையே. தம்பி, கார்பெட்டின் மேலே கை வைத்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதீங்க. அடியில் தடித்த பஞ்சு இருக்கிறது, அது குடித்த தண்ணீரை இந்தக் குளிரில் மாசக்கணக்கில் வைத்திருக்கும். கண்ணாடி வியர்ப்பதும் வாடையும் அங்கிருந்துதான், ஒழுகல் நின்ற பிறகும் நிற்காது. சீட்டைக் கழற்றுங்க, நாலு போல்ட்தான். அடியில் வயர் இணைப்பு ஏதாவது இருந்தால் பேட்டரியை முதலில் கழற்றிவிட்டுத் தொடுங்க, இல்லையென்றால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். கார்பெட்டைத் தூக்கி அடியில் மரக்கட்டையோ காலி டப்பாவோ முட்டுக் கொடுத்துக் காற்றுப் போக விடுங்க. முடிந்தவரை ஈரம் உறிஞ்சும் வாக்யூமால் இழுத்துவிட்டு அப்புறம் டிஹ்யூமிடிஃபையர், அதாவது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் மெஷின், வைங்க. கம்ப்ரஸர் வைத்த சாதாரண வகை குளிரில் ஒழுங்காக வேலை செய்யாது. ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகை என்று கேட்டு வாங்குங்க, உறைநிலைக்குப் பக்கத்திலும் அது இழுக்கும்.

ஈரம் உறிஞ்ச என்று கடையில் விற்கும் வெள்ளைக் கட்டி டப்பாக்கள் கால்சியம் குளோரைடு. வீட்டு அலமாரிக்கு அது பரவாயில்லை, ஓடும் வண்டியில் கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்னும். அதைவிட சிலிக்கா ஜெல் பைகள் நல்லது, ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். வண்டி ஓட்டும்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்க, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்துவிட்டு. குளிரில் எதற்கு ஏசி என்று என் வீட்டுக்காரரும் கேட்டார், காற்றில் உள்ள ஈரத்தை எடுப்பது அதுதான்.

கால் வைக்கும் இடத்து ஈரத்தை ஒரு முறை விரலில் தொட்டுப் பாருங்க. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, ஹீட்டரிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது.

ஸ்டுட்கார்ட் தெரு:

வேறு வண்டி வைத்திருப்பவர்கள் படித்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். எம்எக்ஸ்-5 கூரையைக் கையால் மடிப்பது, அதனால் வடிகால் அடைத்தால் கார்பெட்டோடும் துருவோடும் போகிறது. பிஎம்டபிள்யூ இஸட்4, முதல் தலைமுறை, அதில் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டாரே கூரை மடியும் பள்ளத்துக்குள் இருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் நீந்தும். போர்ஷே பாக்ஸ்டர் 986 ஆக இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) பெட்டி சீட்டுக்கு அடியில், கார்பெட் மட்டத்தில். அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, பில் வேறு லெவல். இந்த இரண்டில் எது வைத்திருந்தாலும் இலை உதிரும் காலம் முடிந்தவுடன் வடிகாலைப் பார்த்துவிடுங்கள்.

ரெடிங்வாசி:

கதவுத் தாள்தான். கீழ்மூலை முழுவதும் பிரிந்து தொங்கியது. டேப் ஒட்டியாகிவிட்டது, டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. சீட்டைக் கழற்றியபோது பஞ்சைப் பிழிந்தால் வாளி நிரம்பும்போல இருந்தது, அக்கா சொன்னது சரி. இனி ஒரே கவலை, இவ்வளவு நாள் தண்ணீர் நின்றிருக்கிறதே, அடியில் துரு எவ்வளவு போயிருக்கும்? அடுத்த மாதம் எம்ஓடி, பிரிட்டனில் வருஷா வருஷம் வரும் வாகனச் சோதனை.

பழைய இரும்பு:

பின்சக்கரத்துக்கு முன்னால் ஸில் முடியும் இடத்தைக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், இந்த வண்டி அழுகத் தொடங்குவது அங்கேதான். பெயின்ட் கொப்பளித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள், கணீர் என்று கேட்டால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே போய்விட்டது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் உலோகம் வலுவிழந்திருந்தால் எம்ஓடியில் விழும். அங்கே ஒட்டுப்போட்டால் தொடர்ச்சியாக வெல்டிங் ஓட வேண்டும், புட்டி பூசி மறைப்பது செல்லாது. ஓட்டை இல்லையென்றால் ஸில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் குத்தித் திறந்துவிட்டு, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். ஈரத்தோடு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாக ஆகும். டிக்கியையும் ஒரு முறை திறந்து ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள், பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது. பின்விளக்கு ரப்பர் வழியாக அங்கேயும் வருவதுண்டு.