புதுப்பிப்பு: பள்ளிச் சட்டைப் பையில் தைத்த பேட்ஜ் சுருங்குவது நின்றது

டெரிகாட்டன் சட்டைப் பையில் எம்பிராய்டரி பேட்ஜ் தைத்தால், துவைத்த பிறகு ஓரம் சுருங்குகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது "பேட்ஜை முதலில் நனைத்துக் காயவையுங்கள்" என்ற பதில்தான். பேட்ஜின் அடித்துணி பருத்தி. முதல் துவைப்பில் அது சுருங்கும், டெரிகாட்டன் அவ்வளவு சுருங்காது. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பின்பக்கம் இஸ்திரி போட்டேன்.

அடுத்து, தைக்கும்வரை பேட்ஜ் நகராமல் இருக்கப் பசைக்குச்சி (glue stick). ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே தள்ளித் தடவ வேண்டும். இல்லையென்றால் ஊசி பிசுபிசுக்கும். குண்டூசி குத்தினால் பேட்ஜ் வளையும், பசையில் தட்டையாக நிற்கும். துவைத்தால் பசை போய்விடும்.

மெஷினில் தைக்கப் பையின் தையலைப் பிரிக்க வேண்டும் என்பதால் கைத்தையலே நல்லது. பைக்குள் ஓர் அட்டையைச் செருகினால் ஊசி பின்துணியைப் பிடிக்காது. பேட்ஜைச் சுற்றியுள்ள தடித்த கரையின் நிறத்திலேயே பாலியஸ்டர் நூல், ஒற்றை இழை. சட்டையில் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுத்து, கரைக்கு அடியில் ஊசியை ஏற்றி, 3 மி.மீ. இடைவெளியில் தைக்கவும். நூலை இறுக்கி இழுத்தால் மறுபடி சுருக்கம்தான். மூலைகளில் இரட்டைத் தையல் போடுங்கள்.

எதிர்பாராதது: ஊறவைத்த நீரில் கரையின் சிவப்புச் சாயம் இறங்கியது. வெள்ளைச் சட்டை என்றால் நீர் தெளியும்வரை அலசிய பிறகே தையுங்கள்.