குறைந்த காசில் முதல் கார் ஆடியோ: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூர்_சுவிஃப்ட்

2013 சுவிஃப்ட் எல்எக்ஸ்ஐ, செகண்ட் ஹேண்ட். கம்பெனி செட் வராத மாடல் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கடையில் செட், முன் டோருக்கு ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய். சத்தம் நன்றாக வந்தது. ஆனால் மிருதங்கத்தில் இடந்தலை, அதாவது கனமான சத்தம் தரும் இடது பக்கம், விழுகிற இடம் மட்டும் காணாமல் போய்விடும். கடையில் போய்ச் சொன்னால், "ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போட்டாதான் சார் பாஸ் வரும், இன்னொரு 12,000 ஆகும்" என்றார்கள். சரி, காசு சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஹெட்லைட் வேலைக்காக ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர். வேலை பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டவர், "பேலன்ஸை முழுசா இடது பக்கம் தள்ளுங்க தம்பி" என்றார். தள்ளினேன், பாஸ் வந்தது. வலது பக்கம் தள்ளச் சொன்னார், அப்போதும் வந்தது. நடுவில் கொண்டுவந்தால் போய்விட்டது! டோர் பேட் (கதவின் உள்பக்க அட்டை) இரண்டையும் கழற்றினார், செட்டுக்குப் பின்னால் ஒயர்கள் சேரும் கப்ளரைப் பிரித்து, கடையில் இருந்த சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் தொட்டார். வலது ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளியது. அதே மாதிரி இடது பக்கம் தொட்டால் கோன் உள்ளே போனது. இடது டோரில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் பாஸ் எங்கிருந்து வரும்? ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு நூறு ரூபாய்தான் வாங்கினார்.

12,000 கேட்ட கடைக்காரருக்கு இது தெரியாதா, தெரிந்தே சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பல்லாவரம்_ஐ10

பிளஸ் மைனஸ் சரி, ஆனால் எல்லோருக்கும் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதி வண்டிகளில் பாஸைத் தின்பது கதவுதான். டோர் பேடைக் கழற்றினால் உள்ளே பெரிய ஓட்டைகள், ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று அது வழியாக முன்னால் வந்து பாஸை அழித்துவிடும்.

என் விஷயம் வேறு. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடை. சுவர் முழுக்க ஸ்பீக்கர் மாட்டி, பட்டனை அமுக்கினால் ஒவ்வொரு ஜோடியாக மாறும். கடைப் பையன் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டான், ஒன்று பளிச்சென்று சத்தமாக இருந்தது, கூட வந்த என் மச்சான் உடனே "இதான்" என்றார். நான் சத்தமாக இருப்பதன் வால்யூமைக் குறைத்து மற்றதற்குச் சமமாக வைக்கச் சொன்னேன். பையனுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்தான். சமமாக வைத்த உடனே சத்தமான ஜோடியில் பாடகியின் குரல் மூக்கால் பாடுவது போல இருந்தது, மற்றதில் மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்டது. சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதுமே நல்லதாகத்தான் காதுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் விற்கிறார்கள்.

விழுப்புரம்_வேகன்ஆர்

நீங்கள் எல்லாம் பாஸைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா ரிட்டயர் ஆனதும் வாங்கிய வண்டி. பட்ஜெட்டில் ஒரு ஆம்ப்பும் டிக்கியில் பாஸ் டியூபும் போட்டோம். திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை. முன்னால் போன லாரியில் இருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்ததும் அப்பா ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, வெறும் கையால் பேட்டரி டெர்மினலை முறுக்கிப் பிடுங்கினார். முன்னாடி நாளே டெர்மினல் லூசாக இருந்ததால்தான் கையோடு வந்தது. இறுக்கமாக இருந்திருந்தால் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்திருப்போம், பின் சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பேட்டரியில் இருந்து ஆம்ப்புக்குப் போகும் ஒயரை ரப்பர் புஷ் இல்லாமல் தகரத்து ஓட்டை வழியாக இழுத்திருக்கிறார்கள். வண்டி ஆட ஆட விளிம்பு ஒயரை அறுத்து பாடியில் தொட்டுவிட்டது. கடையில் போய்க் கேட்டால், "ஆம்ப்புலயே ஃபியூஸ் இருக்கே மேடம்" என்றார்கள். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்பைத்தான் காக்கும். நடுவழியில் ஒயர் பாடியில் தொட்டால் கரண்ட் ஆம்ப் வரைக்கும் போவதே இல்லை, அந்த ஃபியூஸ் எப்படி எரியும்? கார் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பேட்டரிக்குப் பக்கத்தில், 18 இஞ்சுக்குள், தனியாக ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அதன் விலை சில நூறு ரூபாய். தயவுசெய்து இன்றே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

மதுரை_டிசையர்

மேடம் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதை முதலில் செய்யுங்கள்.

ஆனால் பல்லாவரம் நண்பர் சொன்னது பாதிதான் சரி. குரல் மூக்கால் வந்தால் அந்த ஜோடி வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகச் சத்தமாக இருப்பதே ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆம்ப் இல்லாமல் செட்டில் நேராக மாட்டுகிறவருக்குச் சென்சிட்டிவிட்டிதான், அதாவது அதே வாட்ஸில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான், முக்கியம். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 91 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் 3 டெசிபல், அதாவது வாட்ஸை இரண்டு மடங்காக்குவதற்குச் சமம். ஆம்ப் வாங்கக் காசில்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

என் அனுபவம் சின்னது. செட் பெட்டியில் 50x4 என்று போட்டிருந்தது, கடைக்காரர் "200 வாட்ஸ் சார், ஆம்ப்பே தேவையில்லை" என்றார். கையேட்டை அவர் முன்னாலேயே பிரித்து ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், வரியைக் காட்டினேன். ஒரு சேனலுக்கு 22 வாட்ஸ். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்த முகம் நினைவில் இருக்கிறது. இத்தனை நாள் விற்றவர், நிஜமாகவே தெரியாமல் இருந்திருக்கிறார். பெரிய எண் பீக், ஒரு கணம் மட்டும் தொடும் உச்சம். சிஇஏ-2006 என்ற அளவுகோலில் 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத டிஸ்டார்ஷனுக்குள் அளந்து போட்டிருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்பலாம்.

இவ்வளவு பேசியதால், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்னால் 6x9 இஞ்ச் ஓவல் ஸ்பீக்கர் போடச் சொல்வார்கள், விட்டுவிடுங்கள், பாட்டு முன்னால் இருந்து வர வேண்டும். அந்தக் காசையும் சேர்த்து முன் டோருக்கு நல்ல ஜோடி வாங்கி, மிச்சத்தில் கதவுக்கு அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் ஒட்டுங்கள், கதவைத் தட்டினால் டங்கென்று கேட்டது டொக்கென்று மாறும், கடையில் யாரும் இதை முதலில் சொல்லவே மாட்டார்கள். செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (கீழ் சுருதிச் சத்தத்தை வடிகட்டுவது) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், சின்ன ஸ்பீக்கர் தன்னால் முடியாத பாஸுக்குத் திணறாது, அதே ஸ்பீக்கர் இன்னும் சத்தமாகவும் சுத்தமாகவும் பாடும். கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் வண்டிக்கான கப்ளர் தனியாகக் கிடைக்கிறது, வெட்டினால் வாரண்டியில் தகராறு வரும், வண்டியை விற்கும்போது பழையபடி ஆக்கவும் முடியாது. ஆம்ப் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகை வால்யூம் என்று நினைத்து முழுசாகத் திருப்பித் தருவார்கள், சிக்னல் வெட்டுப்பட்டு முதலில் ட்வீட்டர் என்ற உச்ச சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்தான் போகும். ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செட் பண்ணுங்கள், 4 ஓமில் 50 வாட்ஸ் வேண்டுமென்றால் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முடுக்காதீர்கள். சுரண்டி, வெறும் தகரத்தில் முடுக்குங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊய் என்று ஏறும்.

பல்லாவரம்_ஐ10

நான் ஏமாற்று என்று சொல்லவில்லை, சமமாக வைத்துக் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். சென்சிட்டிவிட்டியை அட்டையில் படித்துக்கொள்ளலாம், குரலைக் காதில்தான் கேட்க முடியும். இரண்டும் வேண்டும்.

திருப்பூர்_சுவிஃப்ட்

விழுப்புரம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் தம்பியின் பொலேரோவில் பானெட்டைத் திறந்தோம். ஆம்ப்புக்கு 8 கேஜ் (ஒயரின் தடிமன் அளவு) ஒயர் போயிருக்கிறது, பேட்டரி பக்கம் ஃபியூஸே இல்லை. இப்போதைக்கு அந்த ஒயரை பேட்டரியில் இருந்து கழற்றி டேப் சுற்றி வைத்திருக்கிறோம். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும்?

விழுப்புரம்_வேகன்ஆர்

ஒயரை நுனியில் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள் தம்பி. உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் 50 போதும். சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அவ்வளவு கரண்ட் தாங்காது, 30க்கு மேல் போடாதீர்கள். அதில் ஆம்ப் ஓடாமல் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரிய ஃபியூஸ் போட வேண்டாம், ஒயரை மாற்றுங்கள். ரப்பர் புஷ்ஷும் இருக்கிறதா பார்த்துவிட்டு அப்புறம் கனெக்ஷன் கொடுங்கள்.