டிரான்ஸ்மிஷன் லைன் பெட்டிக்குத் தமிழ்ப்பெயர்: தடமா, தூம்பா?

கோத்தகிரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் செய்யும் பேஸ் (கீழ்ஒலி) ஸ்பீக்கர் பெட்டி வரைபடங்களுக்கான சொற்களில் முக்கால்வாசி படிந்துவிட்டன. காற்றுப் புகாதது மூடிய பெட்டி. குழாய் வைத்தது துளைப் பெட்டி. ஸ்பீக்கரை ஸ்பீக்கர் என்றே விட்டுவிட்டோம், யாரும் சண்டைக்கு வரவில்லை. இன்னும் முடிவாகாமல் நிற்பது டிரான்ஸ்மிஷன் லைன்தான். ஸ்பீக்கரின் முதுகுப்பக்கம் கிளம்பும் ஒலியை நீண்டு மடிந்த ஒரு பாதையில் நடத்தி, கடைசியில் ஒரு வாய் வழியாக வெளியே விடும் பெட்டி அது.

என் முன்மொழிவு: 'செலுத்துதடப் பெட்டி'. 'அலைசெலுத்தி' என்றும் பார்த்தேன், ஆண்டெனா நினைவு வருகிறது. ஆசாரி கையில் கொடுக்கும் தாளில் எழுதவேண்டிய சொல் இது, வாயில் நுழையவேண்டும்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, செலுத்துதடம் வேண்டாம். பைக்காராவில் 1932-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாவட்டம் இது. டிரான்ஸ்மிஷன் லைன் என்றால் இங்கே யாருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே போகும் டவர் லைன்தான். அரசே அதற்குத் 'தொடரமைப்பு' என்று பெயர் வைத்துவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு தடத்தைக் கொண்டுபோய் நிறுத்துவானேன்?

பெரிய சிக்கல் வேறு. ஆங்கிலப் பெயரே இந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. 1936-இல் ஸ்ட்ராம்பெர்க்-கார்ல்சன் நிறுவனத்தில் பெஞ்சமின் ஓல்னி இதைச் செய்தபோது வைத்த பெயர் 'ஒலிப் புதிர்வழி' என்ற பொருளில் இருந்தது. 1965-இல் ஆர்தர் பெய்லி வேறு நோக்கத்தோடு வந்தார். நீண்ட இழைக் கம்பளி ரோமத்தைப் பாதை முழுக்கத் திணித்து, பின்பக்க ஒலியை முனையிலிருந்து திரும்பாமல் விழுங்கவைப்பது அவர் எண்ணம். சரியான சுமையில் முடியும் மின்கம்பியில் அலை திரும்பி வராது அல்லவா, அந்த ஒப்புமையில்தான் டிரான்ஸ்மிஷன் லைன் என்ற பெயர் பொருந்துகிறது.

நாம் செய்யும் சப்வூஃபர், அதாவது கீழ்ஒலிக்கு மட்டுமான பெட்டி, அதற்கு நேர் எதிர். அலை திரும்பவேண்டும், ஒத்ததிரவேண்டும். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த காற்றுத்தம்பம். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. பிளஸ் ஒன் பாடத்தில் வரும் மூடிய ஆர்கன் குழாயேதான். 35 ஹெர்ட்ஸுக்குச் செய்த பெட்டியில் 35 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்துப் பாருங்கள்: ஸ்பீக்கர் கூம்பு ஏறத்தாழ அசையாமல் நிற்கும், பெட்டியின் வாயில் கை வைத்தால் காற்று தள்ளும். எதையும் 'செலுத்தும்' வேலை அங்கே நடக்கவில்லை.

பெயரை நம்பிப் பாதை முழுக்கப் பஞ்சு திணிப்பவர்களுக்குக் கிடைப்பது பெரிய, கனமான, பேஸ் இல்லாத பெட்டி. தமிழிலும் அந்தப் பெயரையே கொண்டுவந்தால் அந்தத் தவறும் கூடவே வரும். ஆகவே என் சொல் 'காலலைப் பெட்டி'.

உதகையிலிருந்து:

காலலைக்கு என் ஆதரவு. சொல்லிலேயே கணக்கு இருக்கிறது: நீளம் = ஒலியின் வேகம் ÷ (4 × அதிர்வெண்). 15 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். 35 ஹெர்ட்ஸுக்கு 340 ÷ 140, அதாவது 2.43 மீட்டர். வாய்க்கு வெளியே உள்ள காற்றும் கொஞ்சம் சேர்ந்து ஆடுவதால் முனைத் திருத்தமாக 7 செ.மீ. கழித்தால் 2.36 மீட்டர்.

மலை உயரத்துக்கு நீளத்தை மாற்றவேண்டுமா என்று அடிக்கடி கேள்வி வருகிறது. வேண்டாம். ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலை, காற்றழுத்தம் இல்லை. 10 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே 35 ஹெர்ட்ஸ் பெட்டி ஒரே ஒரு ஹெர்ட்ஸ் நகரும், அவ்வளவுதான். உயரம் விளையாடுவது காற்றின் அடர்த்தியில். உதகையின் 2,240 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். இதில் மூன்று விளைவுகள். ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள வி.ஏ.எஸ். மதிப்பும் (கூம்பின் தொங்கலுக்கு நிகரான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு) இங்கே முக்கால் பங்காகிறது. மென்பொருளில் அடர்த்தியை மாற்றாமல் கணக்குப் போட்டால் பெட்டி தேவைக்கு மேல் பருக்கும். அதே கூம்பு அதே தூரம் ஆடினாலும் ஒலி 2 டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறையும். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: பஞ்சின் உராய்வு காற்றின் பிசுக்குமையை (விஸ்காசிட்டியை) பொறுத்தது, அது உயரத்தால் மாறாது, காற்றோ லேசாகிவிட்டது. ஆகவே அதே பஞ்சு இங்கே கூடுதலாக அடக்கும். சமவெளிக்காரர்கள் லிட்டருக்கு 8 கிராம் என்று எழுதினால் நாம் 6 கிராமில் தொடங்கிக் கூட்டிக்கொள்வது நல்லது.

சொல் விவாதத்துக்கு ஒரு மாதிரி வேண்டும் என்பதால் 8 அங்குல ஸ்பீக்கருக்கான அளவுகளைத் தருகிறேன் (எஃப்.எஸ்., அதாவது ஸ்பீக்கரின் சொந்த அதிர்வெண், 35 ஹெர்ட்ஸ் அளவில்; கியூ.டி.எஸ்., அதாவது அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்ற எண், 0.4 அளவில்; கூம்பின் பரப்பு 215 ச.செ.மீ. அளவில்).

பாதையின் உள் அகலம் 22, ஆழம் 14 செ.மீ. பரப்பு 308 ச.செ.மீ., கூம்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்று ஓட்டம் (பாதையின் நேர்ப்பகுதி), இரண்டு மடிப்பு. உள் உயரம் 77 செ.மீ. 18 மி.மீ. பலகையில் வெளி அளவு 80.6 உயரம், 25.6 அகலம், 49.2 ஆழம். நடுத் தடுப்புகள் இரண்டும் 63 × 22. மடிப்பில் 14 செ.மீ. திறப்பு விடவேண்டும். 8 × 4 அடி சீட் ஒன்றில் பாதிக்குச் சற்று மேல் செலவாகும்.

முன் ஓட்டத்தின் மேல்முனை மூடியது. ஸ்பீக்கரை மூடிய முனையிலேயே வைத்தால் 105 ஹெர்ட்ஸில், அதாவது மூன்றாம் இசையத்தில் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில்), பெட்டி ஊளையிடும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் அந்த இசையம் எழாது. இந்தப் பெட்டியில் அந்த இடம் மடிப்பில் விழுவதால், முனையிலிருந்து 66 செ.மீ.-இல் மையம் வைத்தால் போதும். மூன்றாம் இசையத்தின் தூண்டல் கால் பங்காகிவிடும். மிச்சத்தைப் பஞ்சும், 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை இந்த ஸ்பீக்கருக்கு விடாத கிராஸோவரும் பார்த்துக்கொள்ளும். வாய் பின்பலகையின் அடியில், 22 × 14. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் வாய் அடைபடும், 20 செ.மீ. தள்ளியிருக்கட்டும். வாங்குமுன் ஸ்பீக்கர் காந்தத்தின் ஆழத்தைப் பாருங்கள். 10 செ.மீ.-க்கு மேல் போனால் 14 செ.மீ. பாதையில் அதுவே அடைப்பான்.

35-க்குக் கீழே போகப்போகக் கூம்பைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. 28 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ளதைத் தடுக்கும் வடிகட்டி) இல்லாவிட்டால் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பின்தகட்டில் இடிக்கும்.

கொடைக்கானலிலிருந்து:

காலலை சரி, 'பெட்டி' சரியில்லை. மூடிய பெட்டியிலும் துளைப் பெட்டியிலும் வேலை செய்வது உள்ளே உள்ள கொள்ளளவு. இதில் வேலை செய்வது நீளம். 73 லிட்டர் என்று சொன்னால் ஒருவர் 73 லிட்டர் சதுரப் பெட்டி செய்து நடுவில் இரண்டு பலகை வைத்துவிடுவார். குழல் என்று பெயரிலேயே தெரியவேண்டும். நம்மிடம் 'தூம்பு' இருக்கிறது. உள்ளே வெறுமையான நீண்ட குழல். ஏரி மதகின் நீர்வழிக்கும் அதே பெயர். சங்கப் பாடல்களில் யானையின் மூச்சைப் போல ஒலிக்கும் நெடிய ஊதுகருவிக்கும் அதே பெயர். பேஸ் பெட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? 'காலலைத் தூம்பு'.

கால் என்பதற்குக் காற்று என்றும் பொருள், வாய்க்காலில் வரும் பொருளும் உண்டு. கால் பங்கோடு சேர்த்து மூன்றும் இந்த உறுப்பில் இருப்பது கொசுறு.

திணிப்பைப் பற்றி: மேலே கம்பளி ரோமம் என்று படித்ததும் மன்னவனூர் ஆட்டுப் பண்ணையும் உங்கள் பக்கத்துச் சாண்டிநல்லாவும் பலருக்கு நினைவு வந்திருக்கும். ரோமம் நல்ல பொருள்தான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சிக்கெடுத்து, அந்துப்பூச்சி மருந்து காட்டாமல் உள்ளே வைக்கக்கூடாது. ஈரத்தோடு வைத்தால் ஐப்பசி மழையில் பெட்டிக்குள் பூஞ்சை நாறும். இலவம்பஞ்சு கட்டிகட்டியாகி அடியில் இறங்கிவிடும். தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சு இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் தொல்லையில்லாதது. மூடிய முனையிலிருந்து முதல் பாதிப் பாதைக்கு மட்டும், 36 லிட்டருக்கு லிட்டருக்கு 6 கிராம் என்றால் 220 கிராம் அளவு. கொசுவலைத் துணியில் பொதிந்து ஸ்டேப்ளர் அடித்தால் இடம் நகராது. வாய்ப்பக்க ஓட்டத்தைக் காலியாக விடவும்.

கோத்தகிரியிலிருந்து:

தூம்பு கேட்க நன்றாயிருக்கிறது அக்கா, ஆனால் இரண்டு தடை. தஞ்சாவூர்ப் பக்கத்தார் படித்தால் அடுப்படிக் கழிவுநீர்த் துளை நினைவுக்கு வரும். அதைக்கூட விடுங்கள். கூம்பு, தூம்பு இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் போனில் சொல்லும்போது எது எது? 'கூம்பைத் தூம்பில் பொருத்து' என்று ஆசாரியிடம் சொல்லிப் பாருங்கள். போதாததற்கு, காவல்துறை அனுமதித் தாளில் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி' என்று வருவது கோயில் திருவிழா ஹாரனை.

'மடிகுழல்' எப்படி?

கூடலூரிலிருந்து:

மடிகுழலில் ஒரு குறை. மடிப்பு இடவசதிக்காக. 8 அங்குல பி.வி.சி. பைப்பை மடிக்காமல் சுவரோரம் நீட்டி நிறுத்தினாலும் அதே ஒலிதான். மடிப்பு இல்லாவிட்டால் பெயர் பொய்யாகிவிடும். மடிப்புக்குத் தனிச்சொல் வேண்டும் என்றால் நம் மலைச்சாலையில் எழுதியிருக்கிறது: 'கொண்டை ஊசி'. ஆசாரி மறுகேள்வி கேட்கமாட்டார். அந்த வளைவின் மூலைகளில் முக்கோணக் கட்டை ஒட்டச் சொல்லிச் சிலர் வரைகிறார்கள். 35 ஹெர்ட்ஸில் அலைநீளம் ஒன்பதரை மீட்டருக்கு மேல்; அதற்கு அந்த மூலை இருப்பதே தெரியாது. பலகைதான் வீண்.

பலகை என்றதும் ஒன்று. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். வெட்டிய விளிம்பு மூடுபனியை உறிஞ்சி உப்பும், ஸ்க்ரூ பிடி விடும். ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட் தரம்) முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட், உள்ளேயும் இரண்டு கோட் வார்னிஷ். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். மெல்லியது, ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் பாடும்.

குன்னூரிலிருந்து:

கூம்பு–தூம்பு குழப்பத்தைத் தூம்பின் தலையில் கட்டவேண்டாம். ஸ்பீக்கரின் ஆடும் பகுதியைக் கடைகளில் 'கோன்' என்கிறார்கள். வரைபடத்திலும் கோன் என்றே எழுதுவோம். திருவிழா ஹாரன் கூம்பாகவே இருக்கட்டும். வாய்நோக்கி விரிந்துகொண்டே போகும் பெட்டிக்குக் 'கொம்பு'. தூம்பு சீராகவோ வாய்நோக்கிக் குறுகியோ போகும். குறுகினால் அதே நீளத்தில் ஒத்ததிர்வு இன்னும் கீழே இறங்கும், விரிந்தால் மேலே ஏறும். இந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு சொல்லும் தேவை. சாக்கடைத் துளையும் நீர் போகும் குழல்தானே, பொருள் கெடவில்லை.

பெய்லி செய்ததுபோல் முழுக்கத் திணித்து அலையை விழுங்கவைப்பதற்குத் தனிப்பெயர் கொடுத்துவிடலாம்: 'அலைவிழுங்கி'. கீழ்ஒலிக்கு அது வேண்டாம், நடுஒலி ஸ்பீக்கரின் முதுகுக்கு நன்றாக உதவும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இத்தனை பஞ்சு வீணாகிறது. தேடி வருபவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் 'டிரான்ஸ்மிஷன் லைன் என்று விற்கப்படும் காலலைத் தூம்பு' என்று எழுதினால் போதும்.

சோதனை வரியும் தாளில் வரட்டும். ஸ்பீக்கரோடு தொடராக 100 ஓம் மின்தடை, பெருக்கியில் சுமார் 1 வோல்ட், மொபைலில் டோன் ஜெனரேட்டர். 20-லிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் காட்டுவதை எழுதுங்கள். இரண்டு முகடு, நடுவில் ஒரு பள்ளம் வரும். பள்ளம் விழும் இடம்தான் தூம்பின் அதிர்வெண். கீழ் முகடு குட்டையாக இருந்தால் எங்கோ கசிவு. மூட்டோரம் ஊதுபத்தி காட்டினால் புகை ஆடும் இடத்தில் பிடிபடும். இரண்டு முகடும் சேர்ந்து மழுங்கினால் பஞ்சு அதிகம், ஐம்பது கிராம் உருவுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

சரி, காலலைத் தூம்பு. மூடுமுனை, வாய், ஓட்டம், கொண்டை ஊசி, திணிப்பு, கோன், கொம்பு, அலைவிழுங்கி எல்லாம் தாளில் ஏறிவிட்டன. 'காலலை' என்பதைக் 'கால அலை' என்று யாராவது பிரிப்பார்களோ என்ற ஐயத்தில் முதல் தடவை மட்டும் 'கால் அலை' என்று இடம் விட்டு எழுதுகிறேன்.

உதகை சார், ஒரே ஒரு சந்தேகம். 2.36 மீட்டர் என்பது ஓட்டத்தின் நடுக்கோட்டில் அளந்ததா, தடுப்பை ஒட்டியா?

உதகையிலிருந்து:

நடுக்கோட்டில். கொண்டை ஊசியில் உள்ஓரமாக அளந்தால் வளைவுக்கு 1.8 செ.மீ.தான் வரும், நடுக்கோட்டில் 15.8. 'நீளம்: நடுக்கோடு' என்று படத்திலேயே புள்ளிக்கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.