சிங்கப்பூரில் சின்னக் குழந்தையோடு வாடகை வீடு: எந்த வட்டாரம் சரிப்படும்?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலையில் கோவையிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவருகிறோம். கணவருக்கு அலுவலகம் சாங்கி பிசினஸ் பார்க்கில், எனக்கு தஞ்சோங் பகாரில். மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. மாமியார் வந்தால் ஒரு மாதம் இருப்பார், அவ்வளவுதான். மற்றபடி குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில்தான் விட வேண்டும்.

வாடகைக்கு மாதம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்கியிருக்கிறோம். வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) போதும், காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வேண்டாம் என்று முடிவு. ஆனால் எந்த வட்டாரம் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கணவரின் நண்பர் பொங்கோலைத் தவிர வேறெங்கும் பார்க்காதே என்கிறார், என் அத்தை மகன் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் இருந்தால்தான் நம் சாப்பாடு, காய்கறி, கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் என்கிறான், இணையத்தில் தேடினால் கிழக்குப் பக்கத்தைப் பூங்கா, கடற்கரை என்று புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். சிறு குழந்தையோடு அங்கே வாழ்கிறவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் பார்க்க வேண்டும்? மகள் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவாள், சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுவாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லவும்.

தெம்பனிஸ் அம்மா எழுதியது:

வாங்க தங்கச்சி. வட்டாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். பராமரிப்பு நிலையத்திலிருந்து போன் வந்தால் யார் ஓடுவது? இது தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே நிலையங்கள் வார நாட்களில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் காலையில் வாசலிலேயே ஆசிரியர் காய்ச்சல் பார்ப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், ‘ஆ’ காட்டச் சொல்லி டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார். கை, கால், வாய்ப்புண் நோய் இங்கே அவ்வளவு சகஜம். கொப்புளம் தெரிந்தால் வீட்டுக்குத்தான். நடுப்பகலில் உடம்பு சுட்டாலும் உடனே வந்து அழைத்துப் போகச் சொல்வார்கள். சேர்ந்த புதிதில் எல்லாக் குழந்தைக்கும் இது அடிக்கடி நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அரை மணிக்குள் போய்ச் சேரக்கூடிய ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டில் அது கணவராகத்தான் இருக்க முடியும்.

சாங்கி பிசினஸ் பார்க் எக்ஸ்போ எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கிறது. கிழக்குப் பக்கம் நாங்கள் இருக்கும் தெம்பனிஸிலிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் எக்ஸ்போ மூன்றாவது நிறுத்தம், தெம்பனிஸ் ஈஸ்ட் பக்கம் வீடு கிடைத்தால் இரண்டாவது. நீங்கள் தெம்பனிஸில் கிழக்கு மேற்குப் பாதையில் ஏறினால் எங்கும் மாறாமல் தஞ்சோங் பகாரில் இறங்கலாம், அரை மணிக்குச் சற்று மேலே பிடிக்கும். இருவருக்கும் ஒருசேரப் பொருந்துகிற இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், வீட்டைப் பிடித்துவிட்டுப் பராமரிப்பு நிலையம் தேடாதீர்கள். நிலையத்தில் இடம் உறுதியான பிறகு அதைச் சுற்றி வீடு தேடுங்கள். பதினெட்டு மாதம் தாண்டிவிட்டதால் கட்டணம் அதிகமான கைக்குழந்தைப் பிரிவு உங்களுக்கு வேண்டியதில்லை. ப்ளேகுரூப் என்று கேளுங்கள், அதில் ஓர் ஆசிரியருக்கு எட்டுக் குழந்தைகள் வரை இருக்கும். அரசாங்க மானியம் சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும். அரசாங்க உதவி பெறும் பெரிய நிலையங்களில் முன்னுரிமையும் அவர்களுக்கே. நமக்குத் தனியார் நிலையங்கள்தான் கைகொடுக்கும், அந்தக் கட்டணம் லேசாக இருக்காது, ஆகவே வாடகையையும் அதையும் ஒரே கணக்காகப் போடுங்கள். இப்போதே நாலைந்து இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். நிறைய நிலையங்கள் வீவக புளோக்குகளின் (அடுக்குமாடிக் கட்டடங்களின்) கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன, பக்கத்துப் புளோக்கில் வீடு அமைந்தால் காலை வேளை எவ்வளவு லேசாகிவிடும் என்று வந்த பிறகு தெரியும்.

மழையை மறந்துவிடாதீர்கள். வருடம் முழுக்கப் பெய்யும், சொல்லாமல் கொட்டும். எம்ஆர்டி நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் கூரை போட்ட நடைபாதைகளை 2018 வரை 200 கிலோமீட்டருக்குக் கட்டி முடித்தார்கள். அதைத் தாண்டினால் சில இடத்தில் கூரை இருக்கும், சில இடத்தில் இருக்காது. வீடு பார்க்கப் போகும்போது ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) தள்ளிக்கொண்டே போய், லிஃப்டிலிருந்து ரயில் நிலையம் வரை கூரை எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். கார் நிறுத்துமிடத்தைக் கடக்கிற அந்தப் பத்தடியில்தான் ஸ்ட்ரோலர், பை, குடை மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டியிருக்கும். பேருந்தில் ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம், 2017 முதல் அனுமதி உண்டு.

தூக்கம் பற்றிக் கேட்டீர்கள். தெம்பனிஸ், சீமெய் இரண்டிலும் கிழக்கு மேற்குப் பாதை மேம்பாலத்தில் ஓடுகிறது, தண்டவாளத்தைப் பார்த்த படுக்கையறை உங்கள் பெண்ணுக்கு ஆகாது. டவுன்டவுன் பாதை நிலத்துக்கு அடியில், அதன் பக்கம் பார்த்தால் அந்தத் தொல்லை கிடையாது. எதுவானாலும் அவள் தூங்குகிற நேரத்துக்கே போய், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்சம் நின்று கேளுங்கள்.

ஃபேரர் பார்க் அப்பா எழுதியது:

தெம்பனிஸ் அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் தேக்கா பக்கத்தை அப்படியே தள்ளிவிட வேண்டாம். என் மகனுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். அதனால்தான் கேகே மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு எடுத்தோம். குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. நள்ளிரவில் நெற்றி கொதிக்கும்போது பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது என்ற தைரியத்துக்கு விலையே கிடையாது. உங்கள் மகளுக்கு ஏதாவது உடல்நலப் பிரச்சினை இருந்தால் இந்த வட்டாரத்தையே முதலில் பாருங்கள்.

அப்படி ஒன்றும் இல்லை, சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும்தான் என்றால் இங்கே குடியிருக்கத் தேவையில்லை. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் ஸ்ட்ரோலர் தள்ளவே முடியாது, அவ்வளவு கூட்டம். குழந்தை ஓடியாடப் புல்வெளி குறைவு. தெம்பனிஸிலிருந்து அதே டவுன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியா நிலையத்துக்கு மாறாமல் வரலாம், சனிக்கிழமை காலையில் வந்தால் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையிலிருந்து வாழைப்பூ வரை வாங்கிக்கொண்டு, வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் போய்விட்டு மதியத் தூக்கத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். கறிவேப்பிலை, தேங்காய், இட்லி அரிசிக்கு எந்த வட்டாரத்திலும் பஞ்சமில்லை.

இன்னொன்று. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தையைக் கிராப் மாதிரி தனியார் வாடகைக் கார்களில் ஏற்ற வேண்டுமானால் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. அவசரத்தில் செயலியைத் திறந்தால் எதை அழைக்கிறோம் என்று பார்த்து அழையுங்கள்.

வாய்க்கால்கரை எழுதியது:

பொங்கோல்காரி என்ற முறையில் நான் சொல்கிறேன், குழந்தைக்கு இதைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் இல்லை. நீர்வழிப் பூங்கா, புதிய புளோக்குகள், எங்கு திரும்பினாலும் விளையாட்டுத் திடல், 2023இல் திறந்த பெரிய நூலகம், செங்காங்கில் வேல்முருகன் கோயில். இந்தியப் பாடத்திட்டம் வேண்டும் என்றால் குளோபல் இந்தியன் பள்ளியும் இங்கேதான். மாலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் ஸ்ட்ரோலர்கள் வரிசையாக நிற்கும், என் பெண்ணுக்குக் கிடைத்த தோழிகள் எல்லாரும் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

ஆனால் உங்கள் கணவர் அலுவலகம் எக்ஸ்போவில் என்பதால் தயங்குகிறேன். வடகிழக்குப் பாதையில் வந்து வழியில் மாறிப் போக வேண்டும், எம்ஆர்டியிலிருந்து வீடு தள்ளியிருந்தால் அதற்கு முன் எல்ஆர்டி என்ற சிறு ரயில் வேறு. போன் வந்த அரை மணியில் வந்து சேர மாட்டார். உங்கள் இருவரின் அலுவலகமும் நகரத்தில் இருந்தால் விடாமல் சண்டை போட்டு உங்களை இங்கே இழுத்திருப்பேன்.

பழைய குடித்தனக்காரன் எழுதியது:

வட்டாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. வீட்டுக்குள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன் தங்கச்சி.

முதலில் ஜன்னல் கம்பி. நம் ஊரில் கம்பி இல்லாத ஜன்னலை யோசிக்கவே மாட்டோம், இங்கே பத்தாவது, பன்னிரண்டாவது மாடியில்கூட வெறும் கண்ணாடி மட்டும் இருக்கிற வீடுகள் நிறைய. வரவேற்பறையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், சமையலறைக்குப் பின்னால் துணி காயவைக்கிற இடத்து ஜன்னலையும் பாருங்கள், வாஷிங் மெஷின் மேல் ஏறினால் எட்டுகிற ஜன்னல் அது. கம்பி இல்லை என்றால் வீட்டுக்காரரே குடிவருவதற்கு முன் போட்டுத்தர வேண்டும் என்று, ஒப்பந்தத்துக்கு முன்னால் கொடுக்கிற விருப்பக் கடிதத்திலேயே எழுதுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் அந்த வீடு வேண்டாம். எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து டெங்கி. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்ற வரைபடம் உண்டு. புளோக்கில் பதாகையும் தொங்கும், மஞ்சள் என்றால் பத்துக்குக் குறைவான நோயாளிகள், சிவப்பு என்றால் பத்தும் அதற்கு மேலும். சிவப்பு தொங்கும்போது குழந்தையோடு குடிபோக அவசரப்பட வேண்டாம்.

இனி காகித வேலை. வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு எடுக்க வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் இரண்டு வருடம். வெளிநாட்டவருக்கு ஒதுக்கீட்டு வரம்பு உண்டு, அக்கம்பக்கத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11 சதவீதம். அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முழு வீட்டை உங்களுக்குத் தர முடியாது. ஆகவே வீடு பிடித்ததும் ஏஜென்ட்டிடம் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். முழு வீட்டை வாடகைக்கு விடக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமே அனுமதி, நிரந்தரவாசிக்குக் கிடையாது. வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள், அவர் வாங்கவே கூடாது என்பது விதி, நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புங்கள். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம், 3,200 வெள்ளி வீட்டுக்கு இரண்டு வருடம் என்றால் 307 வெள்ளி 20 காசு, குடியிருப்பவர் கட்டுவது. வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் ஒப்பந்தத்தை இடையில் முறிக்க ஒரு ஷரத்து போடுவார்கள், பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து இரண்டு மாத முன்னறிவிப்போடு. அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன், ஓடுவது அவர்தான் என்று ஒப்புக்கொண்டார். தெம்பனிஸ் ஈஸ்ட் பக்கம் இரண்டு பராமரிப்பு நிலையங்களுக்கு எழுதிவிட்டோம், ஒன்றில் ஆகஸ்டில் இடம் இருக்கலாம் என்கிறார்கள்.

ஒரு விஷயம் மனதைச் சங்கடப்படுத்துகிறது. இன்று பேசிய ஏஜென்ட், வீட்டுக்காரர் இந்தியர்களுக்குத் தர யோசிக்கிறார், சமையல் அதிகம் இருக்கும் என்று பயப்படுகிறார் என்றார். குழந்தைக்கு ரசம் சாதம் வைப்பதற்குக்கூடவா தடை? இதை எப்படிக் கையாள்வது? மகளுக்குப் பாஸ் (அங்கே தங்குவதற்கான அனுமதி) இன்னும் விண்ணப்பிக்கவில்லை, அதற்குள் ஜூலையில் எல்லாம் முடிந்துவிடுமா என்ற கவலையும் இருக்கிறது.

தெம்பனிஸ் அம்மா எழுதியது:

வருத்தமாக இருக்கும், தெரியும். எங்களுக்கும் நடந்திருக்கிறது, அது தவறான விஷயம்தான், அதில் நீங்கள் குன்றிப்போக எதுவும் இல்லை. அந்த வீட்டை விட்டுவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். உங்களைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டுக்காரரோடு இரண்டு வருடம் ஓட்ட முடியாது. இனி ஏஜென்ட்டிடம் முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்: தமிழ்க் குடும்பம், ஒரு குழந்தை, இருவரும் வேலைக்குப் போகிறோம், தினமும் சமைப்போம், புகை பிடிப்பவர் யாரும் இல்லை, இரண்டு வருட ஒப்பந்தம். பிடிக்காதவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள், உங்கள் அலைச்சல் மிச்சம். விளம்பரத்தில் ‘லேசான சமையல் மட்டும்’ என்று போட்டிருந்தால் போன் செய்யவே வேண்டாம். ஒப்பந்தத்தில் சமையலுக்குத் தடை எதுவும் நுழைந்துவிடாமல் வரிவரியாகப் படியுங்கள். குழந்தையோடு வந்தால் மகிழ்ச்சியாகத் தருகிற வீட்டுக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுப் பாட்டி தீபாவளிக்கு முறுக்கு கேட்டு வாங்கிப் போவார்.

மகளின் பாஸ் விஷயத்தில் தாமதிக்காதீர்கள். வெளிநாட்டில் பிறந்த பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 2019 பிப்ரவரியிலிருந்து தட்டம்மை, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் தடுப்பூசி போட்ட ஆதாரம் கட்டாயம். அதைச் சரிபார்த்த பிறகுதான் பாஸ் விண்ணப்பம் நகரும். கோவையில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டையின் தேதிகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும்போதும் அதையே கேட்பார்கள், இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். முடிந்தால் கணவர் மட்டும் முதலில் வந்து சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் சில வாரம் தங்கி வீடு பார்க்கட்டும், வீட்டில் கம்பி போட்டு முடிந்த பிறகு நீங்களும் பாப்பாவும் வாருங்கள். ஏதாவது புளோக் பிடித்திருந்தால் அதன் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் போய்க் கூரைப் பாதையைப் பார்த்துச் சொல்கிறேன்.