'அம்மா' காணாம போன ஞாயித்துக்கிழமை: கம்ப்யூட்டரை ரீசெட் பண்ண அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல டிடிபி, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கலெக்டர் ஆபீஸுக்கு மனு, எல்லாத்துக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். பழைய விண்டோஸ் 10 மெஷின். ஆன் பண்ணிட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். தை முகூர்த்தம் தொடங்குறதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை ரீசெட் பண்ண, அதாவது விண்டோஸையே புதுசா போட, உட்கார்ந்தேன்.

செட்டிங்ஸ்ல ரெக்கவரிக்குள்ள போனா 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்'னு ரெண்டு வழி. ஃபைல் போகக்கூடாதேன்னு முதல் வழியை அமுக்கினேன். புது விண்டோஸை நெட்லேர்ந்து இறக்குற கிளவுட் டவுன்லோடா, மெஷின்ல இருக்கறதை வெச்சே பண்ற லோக்கலான்னு அடுத்த கேள்வி. கிளவுட்னா 4 ஜிபிக்கு மேல இறங்கணும், எங்க கடை நெட்டுக்கு விடிஞ்சிடும். லோக்கல்னு குடுத்தேன். கரன்ட் போயிடக் கூடாதேன்னு வேண்டாத சாமி இல்ல.

சாயங்காலம் திரும்ப எழுந்துச்சு. ஃபைல் ஒண்ணும் போகல. விண்டோஸ் லைசென்ஸ் கீ கூட கேக்கல. ஆனா வேர்ட், பேஜ்மேக்கர், பிரின்டர் டிரைவர் எதுவும் இல்ல. நீக்குன சாஃப்ட்வேர் பேரையெல்லாம் ஒரு ஃபைலா டெஸ்க்டாப்புல போட்டு வெச்சிருந்துச்சு. திருடன் தூக்கிட்டுப் போன பாத்திரத்துக்கு லிஸ்ட் எழுதி வெச்சுட்டுப் போன மாதிரி!

வேர்டை மறுபடி போட்டு, தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருத்தரோட பத்திரிகையைத் திறந்தேன். தமிழே இல்ல. 'அம்மா'ன்னு இருக்க வேண்டிய இடத்துல எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச்! பக்கம் முழுக்க இப்படி இங்கிலீஷ் எழுத்து இறைஞ்சு கிடக்கு. வைரஸ்னு நெனச்சு எனக்கு வியர்த்துப் போச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. நான் பதினஞ்சு வருஷமா அடிக்கிறது பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல. அது தமிழ் எழுத்துக்குன்னே தனி கோடு இருக்கிற யூனிகோட் இல்ல. ஃபைலுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துதான், அந்த ஃபான்ட் மேல நின்னு அதைத் தமிழா காட்டுது. நாம தனியா போட்ட ஃபான்ட் நம்ம ஃபைலோட சேராது. ரீசெட்ல விண்டோஸ் புதுசா மாறும்போது அதுவும் போயிடும். 'என் ஃபைல்'னு அது கணக்குல எடுத்துக்கறதே இல்ல.

பரண்ல கெடந்த பழைய சிபியூவை இறக்கி, தூசி தட்டி, அதுலேர்ந்து பாமினியை பென்டிரைவ்ல எடுத்து இதுல போட்டேன். வேர்டை மூடித் திறந்ததும் 'அம்மா' வந்துட்டாங்க. புள்ளி கூட மாறல.

பேஜ்மேக்கர் சிடி மட்டும் இன்னும் கிடைக்கல. யாருக்காவது இந்த மாதிரி ஆகியிருக்கா?

—

பாண்டிச்சேரிலேர்ந்து எழுதறேன் அண்ணா. உங்களுக்குப் போனது பிரச்சனை, எனக்குப் போகாததுதான் பிரச்சனை. காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். காலியாத்தான் காட்டுச்சு. அழிஞ்ச ஃபைலை மீட்கிற ஃபோட்டோரெக் சாஃப்ட்வேரை சும்மா ஓட்டிப் பார்த்தா யாரோ வீட்டுக் காதுகுத்து போட்டோ, ஆதார் ஸ்கேன், பேங்க் பாஸ்புக் வரிசையா வருது. உடனே நிறுத்திட்டேன், கையெல்லாம் கூசிடுச்சு.

ஹார்ட் டிஸ்க்கை மேலோட்டமா அழிக்கிற குவிக் ஃபார்மட் பண்ணா ரேஷன் கார்டுல பேரை அடிக்கிற கதைதான், ஆள் வீட்டுலயேதான் இருப்பான். மேல வேற எதையாவது எழுதுற வரைக்கும் பழசு உள்ளயே கெடக்கும். விக்கப் போற மெஷின்னா 'ரிமூவ் எவ்ரிதிங்' போட்டு, செட்டிங்ஸை மாத்துற இடத்துல பழசைத் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கிற 'கிளீன் டேட்டா'வையும் ஆன் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க்னா மணிக்கணக்குல ஓடும், லேப்டாப்னா சார்ஜரைக் கழட்டாதீங்க. விண்டோஸ் இருக்கிற டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமான்னும் அங்கயே கேக்கும். அவசரத்துல எல்லாம்னு அமுக்கி டி டிரைவ்ல இருந்த கல்யாண வீடியோவை இழந்தவர் எங்க வீட்டுலயே இருக்கார், என் மச்சான்.

—

திருப்பாப்புலியூர்லேர்ந்து. புது லேப்டாப் வெச்சிருக்கறவங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி, டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கரோட ரெக்கவரி கீயைப் பாத்து எழுதி வெச்சுக்குங்க. 48 நம்பர், ஆறு ஆறா எட்டு கட்டம். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்கும். என் பொண்ணு லேப்டாப் நீலத் திரையில நின்னு அந்தக் கீயைக் கேட்டப்ப, அந்த அக்கவுன்ட் எந்த மெயில்லன்னே ஞாபகம் வரல. ரெண்டு நாள் ஆச்சு கண்டுபிடிக்க, காலேஜ் மெயில்!

—

டிடிபி அண்ணா, அந்த பாமினி ஃபான்டை எனக்கும் அனுப்புங்க. நேத்து ராத்திரி நானும் அதே முதல் வழியைத்தான் அமுக்கினேன். காலையில பத்திரிகை பிரின்டுக்குப் போகணும்.