20 வருஷம் கழித்து வரும் 1 கோடிக்கு என்ன மதிப்பு?

குழித்துறைக்காரன்:
வயது 38, மார்த்தாண்டத்தில் ஹார்ட்வேர் கடை. போன வாரம் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஒருவர் வந்து, பெயின்ட் டப்பா மேலேயே லேப்டாப்பை வைத்துக் கணக்குக் காட்டினார். மாதம் 10,000 எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் கட்டும் தொகை), வருஷம் 12 சதவீதம் வளர்ச்சி, 20 வருஷத்தில் சுமார் 1 கோடி. இதில் விலைவாசி எங்கே என்று கேட்டேன். "அது ஏறினா ஃபண்டும் ஏறும் சார்" என்றார், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்படித் தானாக ஏறுமா?

பால்வெட்டு வாத்தியார்:
தம்பி, குலசேகரம் பக்கம் எனக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனாலும் இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ரப்பர்தான்.

2011 ஏப்ரலில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. "விலைவாசி ஏற ஏற ரப்பரும் ஏறும், இது பென்ஷன் மாதிரி" என்று வீட்டில் சொன்னேன். 2016 தொடக்கத்தில் 100க்குக் கீழே போனது. பாலெடுத்தால் கூலிக்கே கட்டாது என்று மரத்தைச் சும்மா விட்டேன், பால் பிடிக்கும் சிரட்டை மழைத்தண்ணீரில் நிறைந்து கிடந்தது. பழைய உச்சத்தை மறுபடி பார்த்தது 2024 ஆகஸ்டில். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அதற்குள் நாட்டில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. என் தோட்டத்தில் வெட்டுக்கூலியும் மரத்துக்கு 1 ரூபாயிலிருந்து 2.50 ஆகிவிட்டது. அதே 240தான், வாங்கும் சக்தி பாதி.

உம் ஃபண்ட் பணம் போகும் கம்பெனிப் பங்கு ரப்பர் இல்லை, சரி. கம்பெனி விலையைக் கூட்டிச் சமாளிக்கும், அதனால் நீண்ட நாளில் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் "தானாக" என்பது இல்லை. அமெரிக்காவில் 1966இல் டவ் ஜோன்ஸ் என்ற பங்குச்சந்தைக் குறியீடு 1000ஐ நெருங்கியது. 1982 ஆகஸ்டில் 800க்கும் கீழே நின்றது. இடையில் அங்கே விலைவாசி ஏறக்குறைய மூன்று மடங்கு. டிவிடெண்ட் (கம்பெனி லாபத்தில் தரும் பங்கு) வந்திருக்கும், ஆனாலும் 16 வருஷம்! விலைவாசி திடீரென ஏறினால் வட்டி ஏறும், வட்டி ஏறினால் பங்குக்கு ஜனங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை குறையும்.

நாரோயில் மக்கா:
அந்த 1 கோடியை இன்றைய பணத்துக்கு மாத்திப் பாருங்க அண்ணே. விலைவாசி வருஷம் 4 சதவீதம் ஏறும் என்றால் 46 லட்சம். 6 என்றால் 31. 8 என்றால் 21. ஆர்பிஐயின் (ரிசர்வ் வங்கி) விலைவாசி இலக்கு 4, மேலும் கீழும் 2 வரை விட்டுக்கொடுக்கும். நான் 6 வைத்துத்தான் பார்க்கிறேன்.

பேங்க் எஃப்டிதான் (நிலையான வைப்பு) பத்திரம் என்று ஓடிவிடாதீர்கள். 2013இல் 9 சதவீதத்துக்குப் போட்டேன். அப்போது விலைவாசி 10ஐ ஒட்டி ஓடியது, வட்டிக்கு வரி வேற. பிபிஎஃப் என்ற சர்க்கார் சேமிப்பில் 12 சதவீதம் கொடுத்த காலம் 2000 ஜனவரியோடு முடிந்தது, 2020 ஏப்ரல் முதல் 7.1. வரி இல்லை என்பதால் அது கொஞ்சம் தேவலை.

குழித்துறைக்காரன்:
31 லட்சமா! கடையில் பையனிடம் சொன்னேன், "அண்ணாச்சி, ஒரு வீட்டுக்கு டைல்ஸ், கதவு, ஃபிட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து நம்ம பில்லே எவ்வளவு வருது" என்று சிரிக்கிறான். அப்போ விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிற மாதிரி ஏதாவது சர்க்கார் பத்திரம் உண்டா?

பால்வெட்டு வாத்தியார்:
2013 டிசம்பரில் ஒன்று விட்டார்கள். 10 வருஷப் பத்திரம், விலைவாசி ஏறும் சதவீதத்துக்கு மேல் 1.5 சதவீதம் வட்டி. அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை, நானும்தான். அந்த நேரம் பேப்பரைத் திறந்தாலே ரப்பர் விலைதான் கண்ணில் படும்.

உமக்கு என் யோசனை: 10,000த்தை 20 வருஷமும் அப்படியே கட்டாதீர். கடையில் சிமென்ட், கம்பி விலை கூடும்போது உம் விற்பனைத் தொகையும் கூடுமே, அதோடு எஸ்ஐபியையும் வருஷம் 1000 கூட்டும். ஏஜென்ட் திரும்ப வந்தால் 4, 6, 8 மூன்றையும் போட்டு அட்டவணை கேளும். டீ அப்புறம் கொடுக்கலாம்.