தாதிமை இல்ல ஊழியர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி: எப்போது, எப்படி?

வார்டு_தாதி:
எங்கள் இல்லத்தில் ஊழியர்களுக்கு ஊசி ஏற்பாடு செய்கிறோம். எந்த மாதம் நல்லது? காய்ச்சல் வரும், தோள் பிடித்துக்கொள்ளும் என்று பலர் தயங்குகிறார்கள். இரவு ஷிஃப்ட் ஆட்கள் வருவதே இல்லை.

குளிர்ப்பெட்டி:
சிங்கப்பூரில் பரவல் பொதுவாக இருமுறை உயரும், ஆண்டு நடுவிலும் ஆண்டு இறுதியிலும். எதிர்ப்பாற்றல் உருவாக 2 வாரம் ஆகும். நவம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள் அக்கா. இரவு ஆட்களைக் கூப்பிடாதீர்கள், பணி ஒப்படைக்கும் நேரத்தில் தள்ளுவண்டியோடு வார்டுக்கே போங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஐஸ் கட்டி மருந்துப் பெட்டியைத் தொடவே கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகியபின் நன்றாகத் தெரிந்தாலும் அதைப் போடக்கூடாது.

தசைநடு:
தோள் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் ஊசி இறங்கும் இடம். சட்டைக் கழுத்தை விலக்கிப் போடும்போது ஊசி மேலே ஏறி மூட்டருகே போய்விடும். சட்டைக் கையை முழுதாகச் சுருட்டச் சொல்லுங்கள். தோள் எலும்பு முனைக்கு 2-3 விரல் கீழே, தசை தடித்த இடத்தில், 90 டிகிரியில் 0.5 மி.லி. போடுபவரும் உட்கார்ந்தால் கோணம் சரியாக அமையும். ஓரிரு நாள் வலி இயல்பு. வாரக்கணக்கில் கை தூக்க முடியாவிட்டால் மருத்துவர் பார்க்கவேண்டும்.

மூத்தோர்நலம்:
ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் சளிக்காய்ச்சல் வராது. லேசான உடல்சூடு வரலாம். முந்தைய ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களை முதலிலேயே கேட்டுப் பிரித்துவிடுங்கள். தயங்குபவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: வயதானவர்களின் உடல் தடுப்பூசிக்குக் குறைவாகவே எதிர்வினை தரும். அவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் நாமும் போட்டுக்கொண்டால்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.